சந்துப் பூனைகளும் சொந்தப் பாட்டும்

மலேசியாவில் கரோக்கே கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் அலிகேட்ஸ் பாட்டு ஒன்றாவது காதில் விழும். பாடுகிறவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். அந்தக் குரலின் சொந்தக்காரர்கள் தமிழர்கள் என்று அங்கே யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. அதைக் கேள்வியாக்குவது நாம்தான். "நம்ம பசங்கதான். ஆனா தமிழ்ல பாடி பேரு வாங்கலையே!" ஒரு பெருமூச்சு, அதற்குள் ஒரு குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு குழுவின் ஓசை ஏன் மாறுகிறது? பாடுகிறவனின் மனசு மாறுவதாலா, அல்லது அவன் நிற்கும் மேடை மாறுவதாலா? அலிகேட்ஸின் கதையில் எனக்குக் கிடைக்கும் பதில் இரண்டாவது.

டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் (லோகா என்றுதான் நாடு அறியும்) பினாங்குப் பிள்ளைகள். 1960களின் இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த குழுவுக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'ஃப்ரஸ்ட்ரேட்டட்'. விரக்தியடைந்தவர்கள் என்று பொருள். பதின்ம வயசுப் பசங்க வைத்த பெயர்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் காலத்துப் பினாங்கைப் பார்த்தால் பெயர் அவ்வளவு விளையாட்டாகத் தெரியாது. 1969ல் ஜோர்ஜ் டவுன் தன் தீர்வையில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டு மே 13 கலவரம். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கையில் கிட்டாரோடு நின்ற தலைமுறை இது.

அந்தக் கிட்டார் எங்கிருந்து வந்தது? 1961ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். மூன்று ஆண்டுகளில் பீட்டில்ஸ் அலை. மலாய் இளைஞர்கள் அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்து 'பாப் யே யே' என்று ஒரு வகையையே உண்டாக்கினார்கள். அந்தக் குழுக்களுக்கு 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்', சுருக்கமாக 'குகிரான்' என்று பெயரும் வந்தது. துள்ளல் கிட்டார்க் குழு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலப் பாட்டு வாசிக்கும் குழுக்களுக்குக் காசு வேறொரு பக்கமிருந்து வந்தது. பட்டாளத்திலிருந்து. பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம். வியட்நாம் போரிலிருந்து ஓய்வெடுக்கப் பினாங்குக்கு வந்து இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களுக்கு அவர்கள் ஊர்ப் பாட்டு வேண்டும், அதுவும் ரெக்கார்டில் கேட்ட மாதிரியே வேண்டும். நம் மலாக்காவிலும் இதே கதைதான். சுங்கை ஊடாங் பக்கம் தெரெண்டாக் முகாமில் 1960கள் முழுக்க பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்கள் பாட்டு முகாமுக்குள் ஒரு உலகம். அதே நேரத்தில் புக்கிட் ஆசஹானிலோ கெமெண்டோரிலோ டைமண்ட் ஜூப்ளி தோட்டத்திலோ லயத்து வீட்டுத் திண்ணையில் ரேடியோவில் ஒலித்தது சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டு. கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளம். கொஞ்ச மைல் தூரத்தில் இரண்டு காதுகள், இரண்டு உலகங்கள்.

பினாங்குப் பட்டணத்துப் பையன்களுக்கு முதல் உலகத்தின் கதவு திறந்திருந்தது. அதனால் அவர்களுடைய முதல் ஓசை ஆங்கிலம். தமிழ் தெரியாததால் அல்ல; கிட்டார் வாசிக்கிறவனுக்குக் கூலி கொடுத்த மேடை அது.

அந்த மேடை நிலைக்கவில்லை. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கேயிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்துவிட்டது. தெரெண்டாக் முகாம் மலேசிய ராணுவத்தின் கைக்கு வந்தது. கிளப்புகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் குறைந்தபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் வேறு துறைமுகம் தேடினார்கள். பினாங்குக் குழு 'அலிகேட்ஸ்' ஆகி, 70களில் ஹாங்காங் போனது. அலிகேட்ஸ் என்றால் சந்துப் பூனைகள்.

ஹாங்காங் கிளப் வேலை சொகுசான வேலை இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு இசைஞர்கள் கோலோச்சிய இடம் அது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அச்சு மாறாமல் வாசிக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்கு நடுவில் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ராத்திரிக்கு ராத்திரி, மணிக்கணக்காக, கூட்டம் கேட்டதை வாசிக்கணும். சோல், ஃபங்க், பிறகு டிஸ்கோ. பீட்டில்ஸ் பையன்கள் 1960லிருந்து 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் பட்ட பாடும் இதே வகைதான். விடிய விடிய வாசித்துத்தான் அவர்கள் ஒரு குழுவாக ஆனார்கள். சகோதரர்களின் அடையாளமாகிப்போன அந்தப் பெரிய ஆஃப்ரோ முடியும் இந்தக் காலத்து நாகரிகத்தின் மிச்சம்தான். கறுப்பின அமெரிக்க இசையின் தோரணை அது. கறுத்த தோலும் சுருள் முடியும் கொண்ட தமிழ்ப் பையன்களுக்கு அது இயல்பாகவே பொருந்தியது. வேறு எந்த மேடையிலும் குறையாகச் சொல்லப்பட்டிருக்கக்கூடிய தோற்றம் இங்கே முத்திரையாகிவிட்டது.

ஆனால் ஹாங்காங்கிலும் அவர்கள் வாசித்தது பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டு. எவ்வளவு திறமையாக வாசித்தாலும் நகல் நகல்தான்.

1970களின் இறுதியில் பாலிகிராம் நிறுவனத்தின் வழியாக மலாய்ப் பாடல்கள் வரத் தொடங்கின. 80களின் தொடக்கத்தில் அலிகேட்ஸ் நாட்டின் முன்னணிக் குழுக்களில் ஒன்று. ஏன் அப்போது, ஏன் மலாய்?

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தீபகற்பத்தில் ஆங்கிலப் பள்ளிகள் 1970ல் முதலாம் வகுப்பிலிருந்து மலாய்க்கு மாறத் தொடங்கின. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது அந்த மாற்றம். 1970ல் ஏழு வயதில் முதலாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை 1980ல் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம். அதாவது, கேசட் வாங்கும் வயசுக்கு மலாய்வழியில் படித்த முதல் தலைமுறை வந்து சேர்ந்த நேரமும் அலிகேட்ஸ் மலாய்க்கு வந்த நேரமும் ஒன்றுதான். அந்தத் தலைமுறையில் மலாய்க்காரர் மட்டும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே மொழியில் காதல் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1971ல் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு வட்டார மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடித்தளம் என்று முடிவு செய்தது. மேலிருந்து வந்த அந்தக் கொள்கை பலருக்குக் கசந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் கீழே வகுப்பறையில் ஒரு பொதுக்காது உருவாகிவிட்டது. அலிகேட்ஸ் பாடியது அந்தக் காதுக்கு.

ஓசையும் மாறியது. கிளப் மேடையில் தாளம்தான் ராஜா, ஆட வைக்கணும். மலாய்ப் பாடல்களில் மெட்டு முன்னால் வந்தது, தாளம் பின்னால் போனது. காதல், பிரிவு, ஏக்கம் என்று நெஞ்சைத் தொடும் மெதுவான பாடல்கள். எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு எழுதினார்கள். சிங்கப்பூரில் பிறந்த நாசிர் பின்னாளில் மலாய் இசையின் பெரிய ஆளுமையாக வளர்ந்தவர். 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' அவர் மெட்டில் வந்தது. ஹாங்காங்கில் பழகிய குரல் அடுக்குகள் இந்த மெட்டுகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. கூர்ந்து கேட்டால் மலாய்ப் பாட்டுக்குள் அந்தப் பழைய சோல் இசை லேசாக மூச்சுவிடுவது தெரியும். முக்கியமாக, இந்தப் பாடல்கள் அவர்களுக்காகவே பிறந்தவை. முதல் தடவையாக மற்றவர்கள் அலிகேட்ஸை நகலெடுத்து வாசித்தார்கள்.

சரி, அந்தப் பெருமூச்சுக்கு வருவோம். தமிழில் ஏன் இது நடக்கவில்லை?

அந்த நாள் தமிழ் மேடையை யோசித்துப் பாருங்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் தமிழ் இசைக்குழுக்கள் இருந்தன. கல்யாணம், திருவிழா, தீபாவளிக் கலை இரவு. அங்கே கூட்டம் கேட்டது என்ன? சினிமாப் பாட்டு. அதுவும் 'அசல் மாதிரியே' வேணும். டி.எம்.எஸ். மாதிரி பாடுகிறவர், சுசிலா மாதிரி பாடுகிறவர் என்பதுதான் நம்மூரில் பாடகருக்குக் கிடைத்த உயர்ந்த பட்டம். சொந்தமாக ஒரு பாட்டு போட்டுக்கொண்டு வந்தால், "அது எந்தப் படம்?" என்று கேட்பார்கள். பட்டாள முகாமில் ஆங்கிலப் பாட்டை நகலெடுத்த பையனும் கலை இரவில் சினிமாப் பாட்டை நகலெடுத்த பையனும் ஒரே நிலைமையில்தான் இருந்தார்கள். ஒருவனுக்கு லண்டன், இன்னொருவனுக்குச் சென்னை. மலேசியத் தமிழ் இளைஞன் தன் பெயரில் ஒரு புதுப் பாட்டைப் பாடி, அதற்கு நாடு தழுவிய கூட்டத்தையும் சேர்க்க அன்றைக்கு இருந்த அகலமான வழி மலாய்தான். இதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

மலாயில் பாடினால் தமிழன் கரைந்துபோவான் என்ற பயத்துக்கு மலாக்காக்காரர்கள் நாம் பதில் சொல்ல முடியும். காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டுமொழி மலாயாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் 1781ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இன்றும் அவர்கள் கோயில்தான். டொண்டாங் சாயாங் என்ற மலாய்ப் பாட்டு மரபை மலாய்க்காரர், பாபா நியோஞ்ஞா, போர்த்துகீசியர் ஆகியோரோடு சேர்ந்து காப்பாற்றியவர்களில் அவர்களும் உண்டு. 2018ல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. மொழியை இழந்தது இழப்புதான், மழுப்ப வேண்டாம். ஆனால் இழந்தவர்கள் காணாமல் போய்விடவில்லை. இன்னொரு மொழியின் பாட்டுக்குள் தங்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சினிமாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. பி. ரம்லியை 'பக்தி' (1950) படத்தில் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் ஒரு தமிழர். ஆனால் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அலிகேட்ஸ் முன்னால் வந்து நின்றது. ஆறுமுகம் என்ற பெயரை மாற்றிக்கொள்ளாமல், அந்த முடியை வெட்டிக்கொள்ளாமல் நின்றது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழில் சொந்தப் பாட்டுக்கு நாடு தழுவிய மேடை வரக் கால் நூற்றாண்டு ஆனது. வந்தது ராக் வழியாக இல்லை, ராப் வழியாக. யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழு 1998ல் முதல் ஆல்பத்தைப் போட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று நம் தெருவில் கேட்கும் மொழிகளெல்லாம் அவர்களுடைய பாடல்களில் இருந்தன. பிறகு 2006ல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் சேர்ந்து நட்சத்ரா என்ற பெயரில் 'வல்லவன்'. இது முழுக்கத் தமிழ் ஹிப் ஹாப்.

காலம் ஏன் அப்போது கனிந்தது? ராப் பாட கிட்டார், டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஒரு மைக்கும் கணினியும் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். 1996ல் வந்த ஆஸ்ட்ரோ தமிழுக்குப் புதிய அலைவரிசைகளைக் கொண்டுவந்தது. மேடை இருந்தது, கூட்டமும் இருந்தது.

'வல்லவன்' ஆல்பத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது 'மடை திறந்து'. 1980ல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு அது. வாய்ப்புக்கு ஏங்கும் ஒரு இசைஞனின் கனவாகப் படத்தில் வரும். எந்த சினிமாப் பாட்டை 'அசல் மாதிரியே' பாடச் சொல்லி நம் இளைஞர்களை மேடை கட்டிப்போட்டதோ, அந்தப் பாட்டை அஸ்திவாரமாக வைத்து அதன் மேல் மலேசியப் பசங்க தங்கள் வரிகளைக் கட்டினார்கள். அடுத்த வருஷமே தமிழ்நாட்டு சினிமா யோகி பியைக் கூப்பிட்டது. 'பொல்லாதவன்' படத்தில் பாடினார். சென்னையை நகலெடுத்த ஊருக்குச் சென்னையிலிருந்து அழைப்பு.

அதே 2007ல், ஜூன் 4 அன்று, நுரையீரல் புற்றுநோயால் லோகா காலமானார். நாடே துக்கப்பட்டது. எந்த இனத்தின் துக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாத துக்கம் அது. டேவிட் ஆறுமுகம், டத்தோ பட்டம் பெற்றவர், அண்ணன் குரலாகத் தொடர்ந்து மேடையேறினார்.

லோகாவையும் யோகி பியையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. முன்னவர் காட்டியதை வைத்துத்தான் பின்னவர் வர முடிந்தது என்று நேர்க்கோடு போடவும் வேண்டாம். இருவரும் சந்தித்த தடை ஒன்று: இன்னொருவர் பாட்டைத்தான் நீ பாடணும் என்ற எதிர்பார்ப்பு. ஒருவர் மொழி மாறி அதைத் தாண்டினார். மற்றவர் அதே மொழியில் வடிவம் மாறித் தாண்டினார்.

மலாக்காவின் கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அலிகேட்ஸுக்கு ஆல்பங்கள் இருக்கின்றன, யோகி பிக்கும் இருக்கின்றன. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் மாசாய் இல்லாமல் கல்யாண மேடையில் வாசித்துவிட்டு மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்றவர்களுக்கு என்ன இருக்கிறது? சில வீடுகளில் பழைய கேசட் இருக்கும், மேடையில் எடுத்த மங்கலான போட்டோ இருக்கும். உங்கள் மாமாவோ தாத்தாவோ அப்படி வாசித்தவராக இருந்தால், அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது கேளுங்கள். எந்தப் பாட்டை வாசித்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்தமாக ஒரு மெட்டாவது போட்டீர்களா, போட்டிருந்தால் அதை யாரிடம் பாடிக் காட்டினீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.