நாள் தள்ளி ஒரு வாரம்தான்... டாக்டர் 5 வாரம்னு சொல்றாரே, எப்படி?

கிட்ல ரெண்டு கோடு வந்தாச்சு. அடுத்த கேள்வி, எத்தனை வாரம்?

கர்ப்பத்தின் வயது, கரு உருவான நாளிலிருந்து அல்ல. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அதோடு 280 நாள் கூட்டினால் உத்தேச பிரசவ தேதி.

இது 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருபவர்களுக்கான கணக்கு. முன்பின் வந்தால் தேதி மாறும். அதனால்தான் 14 வாரத்துக்குள் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியை உறுதி செய்கிறார்கள்.

நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரலையா? ஒரு வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் மறுபடி டெஸ்ட் பண்ணுங்க.

கவனம்: கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்பதை கிட் சொல்லாது, ஸ்கேன்தான் காட்டும். அடிவயிற்றில் கடும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.