ஆடுபுலி ஆட்டமும் குவாந்தான் கடற்போரும்

ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குத் தாவி வெட்டும் உரிமை உண்டு, ஆட்டுக்கு இல்லை. ஆயினும் ஆடுகள் வெல்வதுண்டு. புலி நகரக்கூடிய புள்ளிகளை அடைத்துவிட்டால் அதன் வலிமை பயனற்றுப் போகின்றது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் லயன் வீட்டு அஞ்சடியில் கரிக்கட்டியால் கட்டம் வரைந்து ஆடிய சிறுவர்க்கு இது தெரியும். சிங்கப்பூரிலிருந்த ஆங்கிலக் கடற்படையினர் அதனை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் பெருங்கப்பல்கள் 1941 டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தடைந்தன. உடன் வரவிருந்த விமானந்தாங்கிக் கப்பல் 'இன்டாமிட்டபிள்' நவம்பரில் ஜமைக்கா அருகே தரைதட்டிப் பழுதுபட்டமையால் வரவில்லை. வேறொன்று அனுப்பப்படவும் இல்லை. என் கருத்தில், ஆட்டம் பாதி தோற்றது அப்போதே.

சிங்கோராவில் இறங்கிய சப்பானியரைத் தாக்க, டிசம்பர் 8 மாலை, அட்மிரல் டாம் பிலிப்ஸ் இவ்விரு கப்பல்களோடும் 4 நாசகாரிகளோடும் புறப்பட்டார். மறுநாள் பகைவர் கண்ணில் பட்டுவிட்டதை அறிந்து திரும்பினார். குவாந்தானில் பகைவர் இறங்குவதாகச் செய்தி வரவே அங்கே திரும்பினார். அதனைச் சிங்கப்பூருக்கு அறிவிக்கவில்லை. வானொலி மௌனம் காப்பதே பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். அங்கு எவரும் இறங்கவில்லை.

டிசம்பர் 10 முற்பகல் சைகோன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 85 விமானங்கள் வந்தன. சில உயரத்திலிருந்து குண்டு வீசின. பல கடல்மட்டத்திற்குத் தாழ்ந்து டார்பிடோக்களை ஏவின. டார்பிடோ ஒரு பக்கமிருந்து வருமாயின், கப்பல் முகத்தைத் திருப்பி அதன் வழிக்கு இணையாக ஓடித் தப்பலாம். 'ரிபல்ஸ்' தலைவர் டென்னன்ட் இவ்வாறே 19 டார்பிடோக்களைத் தவிர்த்தார். எத்தகைய கைத்திறன்! ஆனால் அடுத்த அணி முன்புறத்தின் இருமருங்கிலிருந்தும் ஒருங்கே பாய்ந்தது. ஒன்றுக்கு விலகினால் மற்றொன்றுக்கு விலாவைக் காட்ட வேண்டும். புலிக்குப் புள்ளி இல்லை. பிற்பகல் 12.33க்கு அது மூழ்கியது.

'பிரின்ஸ் ஆப் வேல்'ஸைச் சாய்த்த அடி பின்புறத்தில் விழுந்தது. சுழல்தண்டு சிதைந்து நீர் புகுந்தது; மின்விசை அற்றுப் பீரங்கிகள் ஓய்ந்தன. ஏறக்குறைய 1.20க்கு அதுவும் மூழ்கிற்று. சிங்கப்பூரிலிருந்து பறந்துவந்த பஃபலோ போர்விமானங்கள் கண்டது அக்கப்பலின் இறுதித் தருணத்தையே. மாண்டோர் 840 பேர். சப்பானியர் இழந்தவை 3 விமானங்கள்.

கிழக்குக் கடலைக் காக்க வேறு பெருங்கப்பல் எஞ்சவில்லை. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. தோட்டத் துரைமார் பலர் முன்னரே வெளியேறிவிட்டனர். பால்மரம் சீவிய நம்மவர்க்குப் போக இடமில்லை. 1943இல் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதை முடிந்தது; போனவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வரவில்லை.