ஈகையும் ஆய்வும்: சிறுவர் புற்றுநோய் வரலாற்றில் பொதுமக்கள் கொடை

வைத்தியத்துறையின் வளர்ச்சியை ஆராய்வோர் பெரும்பாலும் இரு சக்திகளையே முதன்மைப்படுத்துவர். ஒன்று அறிஞரின் மதிநுட்பம். மற்றது அரசின் ஆதரவு. இவ்விரண்டுக்கும் புறம்பாக, பெயரறியாப் பொதுமக்கள் சிறுகச் சிறுக ஈந்த பணம் ஒரு விஞ்ஞானத்துறையின் போக்கையே நிர்ணயித்த நிகழ்ச்சிகள் வரலாற்றில் அரியன. சிறுவரைப் பீடிக்கும் புற்றுநோய் பற்றிய ஆய்வு அத்தகைய அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த இம்முயற்சிக்கு முதற்பொருள் வழங்கியோருள் படமாளிகைத் தொழிலினரும், விளையாட்டு வீரரும், வானொலி கேட்ட சாதாரண மக்களும் முக்கியமானவர்கள். அக்கொடை எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்காது விட்டது என்பதை மதிப்பிடுதல், நோயும் வறுமையும் ஒருங்கே வந்தடையும் எந்தச் சமுதாயத்துக்கும் பயன் தருவதாகும்.

நம்பிக்கையற்ற ஒரு நோய்

1940களில் கடும் வெண்குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு வைத்திய உலகம் அளிக்கக்கூடியதாக இருந்தவை மிகச் சில. புதுக்குருதி ஏற்றலும் நோவைத் தணித்தலுமே அவை. என்பு மச்சையில் முதிராத வெண்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகி, சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் பிள்ளையின் உயிரைக் கவர்ந்துவிடும். கட்டியாக ஓரிடத்தில் தோன்றும் புற்றுநோயைச் சத்திரசிகிச்சையால் அகற்ற முயலலாம். குருதியெங்கும் பரந்த நோயை எவ்வாறு அறுத்தெறிவது? ஆகவே, இத்தகைய பிள்ளைகளை மேலும் வருத்தாது அமைதியாக இறக்க விடுவதே கருணை எனப் பல வைத்தியர் கருதினர்.

அக்கருத்தை ஏற்க மறுத்தவர் பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் நோயியலாளராகக் கடமையாற்றிய சிட்னி ஃபாபர் (1903-1973). இறந்த பிள்ளைகளின் உடல்களை ஆராய்வதே அவரது தொழில். உயிரோடிருக்கும் நோயாளருக்குச் சிகிச்சை செய்வதற்கு வேண்டிய ஆதரவு தம் சகாக்களிடமிருந்து அவருக்கு எளிதிற் கிடைக்கவில்லை. இரசாயனப் பொருளொன்றினால் வெண்குருதிப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் அன்று துணிச்சலான ஊகமாகவே கருதப்பட்டது.

சென்னையிலிருந்து பொஸ்ரன் வரை

ஃபாபரின் ஊகத்துக்குக் கருவியாக அமைந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற ஒருவரின் தலைமையில் இயங்கிய ஆய்வுகூடத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எல்லப்பிரகட சுப்பாராவ் (1895-1948) அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தவர். வறுமையோடு போராடிக் கல்வி கற்ற அவர், 1923ஆம் ஆண்டளவில் அமெரிக்கா சென்றார். காக்கிநாடாவிலிருந்த தரும நிதியம் ஒன்று உதவுவதாக வாக்களித்ததும், மாமனார் திரட்டிக் கொடுத்த பணமுமே அப்பயணத்தைச் சாத்தியமாக்கின. ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பின், 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்தைச் சேர்ந்தார். அங்கே அவரது தலைமையிலான குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்குவதில் வெற்றி கண்டது.

போலிக் அமிலம் கலங்களின் பெருக்கத்துக்கு இன்றியமையாத ஒரு விற்றமின். அதனோடு தொடர்புடைய பொருள்களை நோயுற்ற பிள்ளைகளுக்கு ஃபாபர் கொடுத்தபோது நோய் தணிவதற்கு மாறாக விரைவுற்றதெனக் கண்டார். இத்துயரமான அவதானிப்பிலிருந்தே அடுத்த சிந்தனை பிறந்தது. விற்றமின் நோயை வளர்க்குமாயின், அவ்விற்றமினை ஒத்த உருவுடையதாய் அதன் தொழிலைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்குதல் கூடும் அல்லவா? சுப்பாராவின் ஆய்வுகூடம் ஆக்கியளித்த அமினொப்தெரின் அத்தகைய தடுபொருளாகும். 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபாபர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். 16 பிள்ளைகளுள் 10 பேர் குறிப்பிடத்தக்க சுகம் கண்டனர். இப்பெறுபேறு 1948 யூன் 3ஆந் திகதி வெளிவந்த நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையிற் பிரசுரமாயிற்று. சுகம் தற்காலிகமானதே, நோய் மீண்டும் தலைதூக்கியது. எனினும், மருந்தொன்றின் முன் இந்நோய் பின்வாங்கக் கூடும் என்பது முதன்முறையாக நிறுவப்பட்டது. சுப்பாராவ் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் காலமானார்.

ஒரு சிறுவனின் பெயரால்

தற்காலிகச் சுகத்தை நிலையான சுகமாக்குவதற்குப் புதிய மருந்துகளும், ஆய்வுகூடமும், பயிற்சி பெற்ற ஆளணியும் வேண்டும். அவற்றுக்கு வேண்டிய பணத்தை எவ்வாறு திரட்டுவது என்பதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. இளம்பிள்ளைவாத ஒழிப்புக்காக 1938இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் நிறுவிய தேசிய நிதியம், பத்துச் சத நாணயங்களை மக்களிடமிருந்து கோடிக்கணக்கிற் பெற்று ஆய்வுக்கு உதவியது. பெரும் செல்வர் சிலரின் தயவை நாடுவதிலும் பார்க்க, எளியோர் பலரின் சிறுகொடையை நாடுதல் கூடிய வலுவுடையது என்பதை அந்நிதியம் எடுத்துக்காட்டியிருந்தது.

பொஸ்ரனில் இவ்வழியைத் திறந்துவிட்டோர் நாடக, சினிமாத் துறையினரின் அமைப்பாகிய நியூ இங்கிலாந்து வறைற்றிக் கழகத்தினர். அவர்களது முயற்சியால் 1947இல் சிறுவர் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. 1948 மே 22ஆந் திகதி இரவு, றால்ஃப் எட்வேட்ஸ் நடத்திய வானொலி நிகழ்ச்சியொன்று பொஸ்ரன் வைத்தியசாலையிற் படுத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனோடு நேரடியாகத் தொடர்பு கொண்டது. சிறுவன் தான் விரும்பும் பேஸ்போல் வீரர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, பொஸ்ரன் பிறேவ்ஸ் குழுவைச் சேர்ந்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனது அறைக்குள் நுழைந்தனர். அவன் படுக்கையிலிருந்தே ஆட்டங்களைக் காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமென்றும், 20,000 டொலர் சேருமாயின் அது அவனுக்கு வழங்கப்படுமென்றும் அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்த பணமோ 200,000 டொலருக்கு மேற்பட்டது.

சிறுவனின் தனிமையைக் காக்கும் பொருட்டு அவனது உண்மைப் பெயர் மறைக்கப்பட்டு 'ஜிமி' என்ற புனைபெயர் சூட்டப்பட்டது. நிதியமும் ஜிமி நிதியம் எனப் பெயர் பெற்றது. படமாளிகைகளில் உண்டியல்கள் ஏந்தப்பட்டன. 1952இல் ஜிமி நிதியக் கட்டடம் திறக்கப்பட்டது. 1953இல் பிறேவ்ஸ் குழு மில்வோக்கி நகருக்கு இடம்பெயர்ந்தபோது, பொஸ்ரன் றெட் சொக்ஸ் குழு அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஜிமி இறந்திருப்பான் என்றே பலர் எண்ணினர். ஆனால் 1998இல், நிதியத்தின் ஐம்பதாம் ஆண்டில், மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த எய்னர் கஸ்ராஃப்சன் என்பவரே அச்சிறுவன் என்பது உலகறிய வெளிப்பட்டது. அவர் 2001இற் காலமானார்.

இந்நிகழ்ச்சியில் ஓர் அறவியற் சிக்கலும் பொதிந்துள்ளது. மக்களின் இரக்கத்தைத் தூண்டுவதற்கு நோயுற்ற பிள்ளையின் முகமும் குரலும் கருவியாகின்றன. அவ்வழியே திரண்ட பணம் பின்னர் பல பிள்ளைகளைக் காத்தது உண்மை. ஆயின், இரக்கத்தைத் தூண்டவல்ல தோற்றம் வாய்க்காத நோயாளருக்கு ஈகை எங்ஙனம் கிடைக்கும் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. பெயரை மறைத்த செயல் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்ததன் அடையாளம் எனலாம்.

மெம்பிஸ் நகரின் சாதனை

பொஸ்ரன் தொடக்கிய பணியை மேலும் ஒருபடி உயர்த்தியது ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1962 பெப்ரவரி 4ஆந் திகதி திறக்கப்பட்ட புனித யூதா சிறுவர் ஆய்வு வைத்தியசாலை. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவை நடிகர் டனி தோமஸ் இதன் நிறுவுநர். அறபு வமிசாவளியினரான அமெரிக்கரைத் திரட்டி 1957இல் அவர் அமைத்த அல்சாக் என்னும் சங்கமே வைத்தியசாலையின் நிதிப் பொறுப்பை ஏற்றது. கறுப்பினக் கட்டடக் கலைஞராகிய போல் வில்லியம்ஸ் கட்டட வரைபடத்தைக் கொடையாகவே அளித்தார். நிறப்பாகுபாடு வேரூன்றியிருந்த தென்மாநிலமொன்றில், எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே விடுதியிற் சிகிச்சை பெற்றனர். சிகிச்சைக்கெனக் குடும்பத்திடம் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையும் வகுக்கப்பட்டது. குடியேறிகளின் பிள்ளைகள் திரட்டிய பணம் நிறத்தையும் பொருள்நிலையையும் பாராத ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தமை சமூக வரலாற்று நோக்கில் முக்கியத்துவம் உடையதாகும்.

அவ்வைத்தியசாலையின் முதற் பணிப்பாளர் டொனால்ட் பின்கல். அவர் வந்தபோது கடும் நிணக்கல வெண்குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நால்வரளவிலேயே உயிர் தப்பினர். அதற்குள் மெதொத்திரெக்சேற், மேர்கப்ரோபியூரின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்ரின் முதலிய மருந்துகள் கிடைத்திருந்தன. தனித்தனியே தோற்ற இம்மருந்துகளை ஒருங்கிணைத்து, மருந்து எளிதில் எட்டாத மூளையிலும் முண்ணாணிலும் ஒளிந்திருக்கும் நோய்க்கலங்களையும் கதிர்வீச்சினால் அழித்து, ஈராண்டு மூவாண்டு தொடர்ந்து சிகிச்சையளிப்பதே பின்கலின் திட்டம். 1967இல் ஆரம்பித்த ஐந்தாவது ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் நிலையான சுகம் பெற்றனர். தலைக்கு அளித்த கதிர்வீச்சு வளர்ச்சியையும் அறிவாற்றலையும் பாதித்தமை பின்னர் தெரியவந்தது. பிற்கால ஆய்வுகள் அதனைத் தவிர்க்கும் வழியைக் கண்டன. உயிர் காத்தலோடு பணி முடிவதில்லை, உயிர் தப்பியோரின் எதிர்காலமும் ஆய்வின் பொறுப்பே என்பதை இவ்வனுபவம் கற்பித்தது.

குடும்பத்தின் சுமை

ஈராண்டு மூவாண்டுச் சிகிச்சை என்பது மருந்துப் பிரச்சினை மட்டுமன்று. அது குடும்பத்தின் பிரச்சினையுமாகும். தாய் வைத்தியசாலை வாங்கிலிற் படுத்துறங்க, தந்தை தொழிலை இழக்க, ஏனைய பிள்ளைகள் உறவினர் வீடுகளில் வளர நேரிடுகின்றது. ஃபாபர் இதனை உணர்ந்தே, நோய்க்குச் சிகிச்சை, உணவு, உளத்தேறுதல், சமூக சேவை ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் அமைதல் வேண்டும் எனும் 'முழுப் பராமரிப்பு' நெறியை வற்புறுத்தினார்.

தங்குமிடம் என்னும் தேவையை நிறைவுசெய்தது பிலடெல்பியா நகரம். இங்கிலாந்திற் பிறந்த சிறுவர் புற்றுநோய் வைத்தியர் ஓட்றி எவன்ஸ் (1925-2022), தொலைவிலிருந்து வரும் பெற்றோருக்கு வைத்தியசாலைக்கு அண்மையில் ஒரு வீடு வேண்டுமெனக் கருதினார். அந்நகரத்து ஈகிள்ஸ் உதைபந்தாட்டக் குழுவின் வீரர் ஃபிறெட் ஹில்லின் மகள் வெண்குருதிப் புற்றுநோயால் வருந்தியதை ஒட்டி, அக்குழு நிதி திரட்டலில் இறங்கியிருந்தது. மக்டொனால்ட்ஸ் உணவகங்களின் பான விற்பனை வருவாயும் சேர, 1974 ஒக்ரோபரில் முதலாவது றொனால்ட் மக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்டது. வணிக நிறுவனமொன்றின் விளம்பரமும் இவ்வீகையோடு கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும், இதனைப் பின்பற்றிப் பல நாடுகளில் இத்தகைய இல்லங்கள் எழுந்தன.

கொடையின் எல்லை

ஆய்வுக்கான கொடை, குடும்பத்துக்கான கொடை ஆகிய இரண்டும் வெவ்வேறானவை என எண்ணுதல் வழக்கம். முன்னது அறிவைப் பெருக்குவது, பின்னது துயரத்தைத் தணிப்பது என்பர். மேற்கண்ட வரலாறு இப்பிரிவினையை ஆதரிக்கவில்லை. ஆய்வு கண்ட சிகிச்சை நீண்டதாக இருக்குமளவுக்கு, குடும்பம் தாக்குப்பிடித்தலும் சிகிச்சையின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது. பாதியில் நிறுத்தப்பட்ட சிகிச்சை, கண்டுபிடிக்கப்படாத மருந்துக்கு ஒப்பானதே.

இவ்வுண்மையை உலகநிலை தெளிவாகக் காட்டுகின்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 400,000 சிறுவரும் இளைஞரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைய, தாழ்ந்த, நடுத்தர வருமான நாடுகளில் நூற்றுக்கு முப்பதின்மரும் குணமடைவதில்லை. காலந்தாழ்த்திய நோய் நிர்ணயம், மருந்துத் தட்டுப்பாடு, வறுமையாற் சிகிச்சையை இடைநிறுத்தல் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2030ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு அறுபது பேரையேனும் காத்தல் வேண்டும் என்ற இலக்கினை அந்நிறுவனம் 2018இல் வகுத்தது. 2021 டிசம்பரில் மெம்பிஸ் வைத்தியசாலை, வறிய நாடுகளுக்கு மருந்துகளை இலவசமாக வழங்குவதற்காக 200 மில்லியன் டொலரை ஒதுக்குவதாக அந்நிறுவனத்தோடு இணைந்து அறிவித்தது. மொங்கோலியா, உஸ்பெகிஸ்தான், நேபாளம், சாம்பியா முதலியன முதலிற் பயனடையத் தெரிவான நாடுகள்.

பொதுமக்கள் கொடை ஒரு துறையைத் தொடக்கிவைக்க வல்லது. அறிஞர் உலகம் தயங்கிய வேளையில் அது துணிந்தது; அரசு பின்தொடர்வதற்குப் பாதை அமைத்தது. ஃபாபரும் மேரி லாஸ்கரும் நடத்திய இயக்கத்தின் பயனாக 1971இல் அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியமை இதற்குச் சான்று. ஆயின், கொடை மனம் உவந்து தரப்படுவது, உவக்காதபோது நின்றுவிடுவது. நோயுற்ற பிள்ளையின் தேவையோ எவரது மனநிலைக்கும் காத்திராது. எனவே, ஈகை தொடக்கியதைச் சமுதாயம் தன் நிரந்தரக் கடமையாக ஏற்று அரசின்வழி நிலைநிறுத்துதல் வேண்டும். பொஸ்ரன் படமாளிகைகளின் உண்டியலில் நாணயமிட்டோர் தாம் காணாத பிள்ளைகளுக்காகவே அதனை இட்டனர். அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் இன்று வாழ்வது மருந்து இன்னும் சென்றடையாத நாடுகளிலேயே. அவர்களைச் சேரும்வரை அக்கொடையின் கணக்கு முடிந்ததாகக் கொள்ள இயலாது.