இரண்டு திரைகளும் ஒரு கேபிளும்: ஜூரோங்கில் ஒரு விளையாட்டு மடிக்கணினி

விளையாட்டுக்கென்றே விற்கப்படும் மடிக்கணினி இரண்டேகால், இரண்டரைக் கிலோ எடை இருக்கும். கூட வரும் அடாப்டர் இன்னொரு முக்கால் கிலோ. மடியில் வைத்தால் தொடை சுடும். பேட்டரியில் விளையாடினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே அபூர்வம். ஆகவே வாங்கிய கொஞ்ச நாளிலேயே அது ஒரு மேசையில் நிலைகொண்டுவிடுகிறது. என் அக்கா மகன் 2021-ல் வாங்கிய கணினியும் சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு நாலறை வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை மேசையில்தான் குடியேறியது. அந்த மேசைக்கு வந்து சேர்வதற்குள் அது பல ஊர் பார்த்திருந்தது.

அடிப்பக்க ஸ்டிக்கர் ‘சீனாவில் தயாரிக்கப்பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எந்த ஊர் என்று சொல்வதில்லை, சோங்கிங்காக இருக்கலாம். கடற்கரையே இல்லாத சோங்கிங் நகரில் 2009 வாக்கில் எச்பி நிறுவனம் கால்பதித்தது. ஃபாக்ஸ்கான், குவாண்டா போன்ற தைவான் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் பின்னாலேயே வந்தார்கள். சில ஆண்டுகளில், உலகம் வாங்கும் மடிக்கணினிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அந்த ஒரு நகரிலிருந்தே கிளம்பியது. ஆனால் அங்கே நடப்பது பூட்டும் வேலைதான், உறுப்புகள் பிறப்பது வேறு இடங்களில். இந்தக் கணினியின் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் சில்லு சாம்சங் ஆலையில் வார்க்கப்பட்டது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி மைக்ரான் தயாரிப்பு. மைக்ரானின் ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கு சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வட்டாரத்து ஆலைகளில் தயாராகிறது. ஆக, அந்தச் சில்லு இங்கே பிறந்து, சீனா போய்ப் பெட்டிக்குள் அடைபட்டு, மறுபடி இங்கேயே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதை வாங்கியது சிம் லிம் ஸ்குவேரில். 1987 முதல் ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் நிற்கும் கட்டடம் அது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுப் பொடிநடையாகப் போய்விடலாம். “மேசையில் வைக்கத்தானே போகிறாய், மேசைக் கணினியாகவே வாங்கினால் என்ன?” என்று அக்கா கேட்டதற்குப் பையனிடம் பதில் இருந்தது. அந்த ஆண்டு உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு. மெய்நிகர் நாணயம் ‘தோண்டுபவர்கள்’ மேசைக் கணினிக்கான கிராஃபிக்ஸ் அட்டைகளை அள்ளிக்கொண்டு போக, அவற்றின் விலை எங்கேயோ ஏறியிருந்தது. அதே வகைச் சில்லு மடிக்கணினிக்குள் இருந்தால், முழுக் கணினியும் இரண்டாயிரம் வெள்ளிக்குள் அடங்கியது. பொருள் சேவை வரியும் அப்போது 7 விழுக்காடுதான், இன்று 9. ரோச்சோரில் ரயில் ஏறி, பூகிஸில் மாறி, பூன் லேயில் இறங்கிப் பெட்டி வீடு வந்தது.

வீட்டில் இடம்தான் பிரச்சினை. 2020 ஏப்ரலில் ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்ற கொரோனா முடக்கம் தொடங்கியதிலிருந்து அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அலுவலகம் கொடுத்த மடிக்கணினி ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று. திரைகளை இரண்டு ஜோடியாக வைக்க அந்த அறையில் இடம் கிடையாது. ‘டாக்’ எனும் இணைப்புப் பெட்டி வந்தது இதற்காகத்தான். இரண்டு திரை, விசைப்பலகை, மவுஸ், இணையக் கேபிள் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் முடிகின்றன. அதிலிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள் வெளியே வருகிறது. ஆறு மணிக்கு அலுவலகக் கணினியிலிருந்து அதை உருவி இதில் செருகினால் மேசை கைமாறிவிடும்.

அலுவலகக் கணினிக்கு அது கச்சிதமாக வேலை செய்தது. புதியதோடுதான் மல்லுக்கட்டு. “மாமா, எக்செல் நல்லா ஓடுது. கேம் போட்டா திக்குது” என்றான். கோளாறு கணினியிலும் இல்லை, டாக்கிலும் இல்லை. மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

முதலாவது மின்சாரம். சாதாரண அலுவலக மடிக்கணினிக்கு 65 வாட் போதும். டாக் 100 வாட் தரும். இந்தக் கணினியின் சொந்த அடாப்டரோ 230 வாட். விளையாட்டு சூடு பிடித்ததும் 100 வாட் பற்றாமல், கிராஃபிக்ஸ் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மீதித் தேவைக்குப் பேட்டரியைச் சுரண்டுகிறது. யூஎஸ்பி-சி வழியாக 240 வாட் வரை செலுத்தும் விதிமுறை 2021-ல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு டாக், கேபிள், கணினி மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். விளையாடும்போது சொந்த அடாப்டரையும் செருகிவிடுவது ஒன்றே அவனுக்கு வழி. ‘ஒரே கேபிள்’ என்ற கனவு அங்கேயே இரண்டு கேபிள் ஆனது.

இரண்டாவது, உள்ளே ஓடும் கம்பி. இவ்வகைக் கணினியில் படம் வரைய இரண்டு பேர் இருக்கிறார்கள்: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிக்கனமான கிராஃபிக்ஸ், தனியாக இருக்கும் பெரிய சில்லு. எந்தத் துளை யாரோடு இணைந்திருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மாடலுக்கு மாடல் மாறும். இந்தக் கணினியில் யூஎஸ்பி-சி துளை சிக்கனமானவரோடு, எச்டிஎம்ஐ துளை பெரியவரோடு. டாக் வழியாகப் போனால், பெரிய சில்லு வரைந்த ஒவ்வொரு படமும் சின்னவர் கைக்கு நகலாகிப் பிறகுதான் திரைக்குப் போகும். வேகம் கொஞ்சம் குறையும், தாமதம் கொஞ்சம் கூடும். இதைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பிரிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு திரைக்கும் கீழே அது இன்டெல்லோடு இணைந்திருக்கிறதா, என்விடியாவோடா என்று ஒரு வரியில் எழுதியிருக்கும். அந்த வரியை அவன் படித்தபோது டாக் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது, கேபிளின் கொள்ளளவு. யூஎஸ்பி-சி கேபிளில் அதிவேகத் தடங்கள் நான்கு. சாதாரண டாக்குகள் பலவற்றில் இரண்டு தடம் படத்துக்கு, இரண்டு தடம் தரவுக்கு. படத்துக்கான அந்த இரண்டில் கிடைப்பது நொடிக்கு ஏறத்தாழ 13 கிகாபிட். 2560க்கு 1440 பிக்சல் திரையை நொடிக்கு 144 முறை புதுப்பிக்க மட்டுமே ஏறத்தாழ 14 கிகாபிட் வேண்டும். பக்கத்தில் இன்னொரு திரை வேறு. 60 முறை என்று குறைத்துக்கொண்டால் இரண்டும் அடங்கிவிடும், அலுவலக வேலைக்கு அது தாராளம். தண்டர்போல்ட் டாக் 40 கிகாபிட் தரும், ஆனால் விலை எகிறும். கணினியிலும் தண்டர்போல்ட் துளை இருக்க வேண்டும். டிஸ்ப்ளேலிங்க் வகை மலிவு டாக்குகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. கணக்குப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். சுடும் விளையாட்டுக்கு அவை ஒத்துவராது.

தீர்வுக்குச் செலவானது ஒரு எச்டிஎம்ஐ கேபிள். வேகத் திரை நேரே கணினியோடு, இரண்டாவது திரையும் மற்றதெல்லாமும் டாக்கோடு, அடாப்டர் தனியாக. மேசைக்குப் பின்னால் கம்பிகள் கூடின. முன்னால் ஆட்டம் சீரானது.

டாக்கின் கடைசித் துளையில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் ஒலிப்பெட்டி செருகியிருக்கிறது. அதை வடிவமைத்த கிரியேட்டிவ் டெக்னாலஜியின் தலைமையகம் ஜூரோங் ஈஸ்ட்டில், இண்டர்நேஷனல் பிசினஸ் பார்க்கில். 1981-ல் சிம் வோங் ஹூ தொடங்கிய நிறுவனம் அது. 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வரும்வரை, பெரும்பாலான பிசிக்கள் விளையாட்டில் ‘பீப்’ என்று கத்துவதோடு சரி. உலகத்தின் கேமிங் கணினிகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவரான சிம், 2023 ஜனவரியில் காலமானார். ஜூரோங் என்றால் இரும்பும் எண்ணெயும் கப்பல் பட்டறையும் மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாலாவது ஆண்டில் கணினியின் டச்பேடு மெல்ல மேலெழுந்தது. கீழே பேட்டரி உப்பியிருந்தது. எப்போதும் செருகியபடி, எப்போதும் 100 விழுக்காட்டில், எப்போதும் சூட்டில் இருந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறையும். மூடிய நிலையில் டாக்கில் விட்டால் சூடு இன்னும் ஏறும். சில மாடல்கள் விசைப்பலகை வழியாகவும் காற்றை இழுக்கின்றன. 60 அல்லது 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு அந்தக் கணினியிலேயே இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. புதுப் பேட்டரி போட்டபின் அது 80-லேயே நிற்கிறது.

இப்படிக் கழற்றிய பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன? முன்பானால் பழைய மின்பொருள்கள் சுங்கே ரோடு சந்தையில் தரையில் பரப்பிய துணிக்கு வந்து சேரும். 2017 ஜூலை 10-உடன் அந்தச் சந்தை மூடப்பட்டது. 2021 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் மின்கழிவுக்குச் சட்டப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது: தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் அதன் செலவை ஏற்க வேண்டும், பெரிய மின்பொருள் கடைகள் சேகரிப்புத் தொட்டி வைக்க வேண்டும். நாடு ஆண்டுக்கு உண்டாக்கும் மின்கழிவு ஏறத்தாழ 60,000 டன் என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2021 மார்ச்சில் துவாஸில் டெஸ் நிறுவனம் திறந்த ஆலை நாளுக்கு 14 டன் லித்தியம் பேட்டரிகளைக் கையாளும் திறன் கொண்டது. நொறுக்கி, கரைத்து, லித்தியத்தையும் கோபால்ட்டையும் பிரித்தெடுக்கும்.

பேட்டரியைக் குப்பைக் குழாயில் போட்டாலும் பயணம் மேற்கு நோக்கித்தான். எரித்த சாம்பல் துவாஸ் கடல்துறையில் படகேறி, புலாவ் செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. அந்தத் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு. போதாததற்கு, குப்பை வண்டியில் நசுங்கும் பேட்டரி தீப்பிடிக்கும்.

இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கு: திரை அளவையும் வண்ண விளக்கையும் பார்க்கும் முன், எந்தத் துளை எந்தச் சில்லோடு இணைகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் டாக் வாங்காதீர்கள். மின்னேற்றத்தை முதல் நாளே 80-க்கு வையுங்கள். பேட்டரி உப்பினால் தொட்டியில் போடாமல், ஆள் இருக்கும் சேகரிப்பிடத்தில் சொல்லிக் கொடுங்கள். இவ்வளவு செய்தால், இரண்டாயிரம் வெள்ளிக் கணினி தாராளமாக ஆறேழு ஆண்டு உழைக்கும்.