செஞ்சி டெய்லர் சொன்ன ஒரு வரி

போன எபிசோட்ல செஞ்சிக் கோட்டை ஏறினோம். இன்னைக்குக் கீழே கடைவீதிக்கு வருவோம். அங்கே ஒரு டெய்லர்கிட்ட கைத்தறித் துணி கொடுத்தேன். "நனைச்சுக் காயவெச்சு எடுத்துட்டு வா தம்பி"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

ஏன்? தறியில் பாவு நூல் அறுந்துபோகாம இருக்கக் கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டி நெய்வாங்க. முதல் சலவையில் கஞ்சி போயிடும், நூல் தளரும், துணி சுருங்கும். பாலியஸ்டர் தையல் நூல் சுருங்காது. அதனால் தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழும். வேட்டி, புடவைக்கு இது பிரச்சினையே இல்ல. வெட்டித் தைக்கும்போதுதான் சிக்கல்.

இந்தக் கரையோட துணி வியாபாரத்துக்காகத்தான் டச்சுக்காரங்க 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி தேவனாம்பட்டினத்தில் இறங்கினாங்க. அங்கிருந்த கோட்டையை 1690ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினதும், செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம்தான்.

துணி கப்பலேறி, அதைக் கையாளுற பக்குவம் மட்டும் கரையிலேயே நின்னுட்டா? 1958ல் அதுதான் நடந்தது. கிருஷ்ணன் நாயர், அமெரிக்க வியாபாரி வில்லியம் ஜேக்கப்சனுக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட துணி விற்றார். சாயம் போகும், குளிர்ந்த தண்ணியில் பக்குவமா துவைக்கணும்னு சொல்லித்தான் கொடுத்தார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கினவங்களுக்கு அந்தக் குறிப்பு போய்ச் சேரல. சாயம் ஓடிச்சு, புகார் குவிஞ்சது. அப்புறம் 'ப்ளீடிங் மெட்ராஸ்'னு விளம்பரம் பண்ணி, குறையையே பெருமையா வித்தாங்க.

நம்ம பாஷையில் சொன்னா, டாக்குமென்டேஷன் இல்லாத கோட். சாயம் போறதை ஸ்டைல்னு வித்துடலாம். தோள்ல இறுகிப்போன சட்டையை என்னன்னு விக்கிறது?

நான் துணியை நனைச்சு எடுத்துட்டுப் போனேன்.