பனிக்கட்டி செய்த அச்சு

ஃபர்னஸ் லைனிங்கோடு மல்லாடுவது என் பிழைப்பு. சூடேறி ஆறும்போதெல்லாம் விரிசல் விடும் பீங்கானைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன் என்பதால்தான் ஏரோஜெல்லின் கதை எனக்குப் பிடிக்கும்.

ஜெல்லியிலுள்ள நீரை எடுத்துவிட்டு, அது சுருங்காமல் காற்றை நிரப்பினால் ஏரோஜெல். சொல்ல சுலபம். வெறுமனே காயவைத்தால் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுத்து, வற்றல் மாதிரி சுண்டவைத்துவிடும். அமெரிக்காவில் ஸ்டாக்டன் நகரின் பசிபிக் கல்லூரியில் இருந்த சாமுவேல் கிஸ்ட்லர் 1931-ல் வழி சொன்னார்: நீருக்குப் பதில் ஆல்கஹாலை ஏற்றி, அழுத்தக் கலத்தில் மாறுநிலை வெப்பநிலையைத் தாண்டவைத்து, மெல்ல வெளியேற்றுவது. பெரிய கம்பெனி லேப் அல்ல, ஒரு கல்லூரி என்பதை நம்ம மாணவர்கள் கவனிக்கணும்.

அவருடைய சிலிக்கா ஏரோஜெல் வெப்பத்தைத் தடுப்பதில் சூரன். ஆனால் அழுத்தினால் அப்பளம்தான்.

இங்கேதான் பனிக்கட்டி வருகிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், வெள்ளைக் கட்டி மிஞ்சும், இல்லையா? உறையும் நீர் தன் படிகத்துக்குள் பிறத்தியாரைச் சேர்க்காது. எல்லாவற்றையும் இடுக்குகளுக்குத் தள்ளிவிடும். பிறகு வெற்றிடத்தில் ஐஸை நேரே ஆவியாக்கினால், ஒதுங்கிய துகள்கள் சுவர்களாக நிற்கும். ஐஸ் இருந்த இடம் அறைகளாகும். இடையில் திரவமே வராததால் இழுவிசைத் தொல்லை இல்லை. குளிர் ஏறும் திசையில் அறைகள் நீளும். வேகமாக உறைந்தால் பொடி அறை, மெதுவானால் பெரிய அறை. வடிவமைப்பவர் கையிலுள்ள பிடி அதுதான். 1980-லேயே மாலரும் பெக்டோல்டும் இப்படி உறையவைத்து சிலிக்கா இழைகள் செய்தார்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டான் லீ குழு கிராஃபீனைத் தக்கை மாதிரி அறை அறையாக அமைத்தது. 80 சதவீதம் நசுக்கினாலும் எழுந்து நின்றது! சுவர்கள் உடையவில்லை, வளைந்து கொடுத்தன.

அடுத்தது பீங்கான். 2019-ல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, உறையவைத்து உலர்த்திய கிராஃபீன் ஏரோஜெல்லை அச்சாக வைத்து, அதன்மேல் போரான் நைட்ரைடைப் படியவைத்து, கிராஃபீனை எரித்து நீக்கின. மேலிருந்து அழுத்தினால் இது பக்கவாட்டில் பிதுங்காது, உள்ளே ஒடுங்கும். அதாவது பாய்சான் விகிதம் மைனஸ்! பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு 0.3 போட்ட நமக்கு இது அதிர்ச்சிதான். (ஃபோமில் இதை ரோடரிக் லேக்ஸ் 1987-லேயே காட்டியிருந்தார்.) சூடாக்கினாலும் இது சுருங்கவே செய்கிறது. வினாடிக்கு 275 டிகிரி வேகத்தில் சூடும் குளிரும் மாறினாலும் தாங்குகிறது. என் லைனிங்குக்கு வேண்டிய குணம் இதுதான். எத்தனை லேசு என்ற சாதனைப் போட்டியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

கஷ்டம் அளவில்தான். கட்டி தடிமனானால் குளிர் சமமாக உள்ளே போகாது, அறைகளும் ஒரே மாதிரி வராது. ஐஸ் முழுக்க ஆவியாகவும் நேரம் பிடிக்கும். கெமிக்கல், மெக்கானிக்கல் தம்பி தங்கைகள் ஃபைனல் இயர் புராஜெக்டை இந்த இடத்தில் தேடலாம்.