ஐந்தாம் வகுப்போடு நின்ற பாதை

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, கொழும்பில் கடைக்குப் போகத்தான் அவசரம்" என்று பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயில் அழிந்தபின் மலை முழுக்கத் தேயிலையானது. கோப்பிக்குப் பருவகாலத்தில்தான் ஆட்கள் அதிகம் வேண்டும். தேயிலையிலோ வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் லயத்திலேயே தங்கின. அங்கு பிறந்த பிள்ளை, தோட்டத்துக்கு நாளைய தொழிலாளி.

1920 கல்விச் சட்டம், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்லதுதான். ஆனால் பள்ளி இருந்தது துரையின் கையில். பெரும்பாலும் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்தவன் பெரட்டுக்கு வருவானா?

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்றே தெரியாத வீட்டில், பிள்ளையை எந்தத் தொழிலுக்குப் படிக்கவைப்பது? அரசு தோட்டப் பள்ளிகளைப் பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். முப்பது வருடம் பிந்திவிட்டது.

கதவு திறந்ததும் பிள்ளைகள் தயங்கவில்லை. கொட்டகலை ஆசிரிய கலாசாலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இரண்டிலும் படித்த எத்தனையோ லயத்துப் பிள்ளைகள் இன்று நம் பாடசாலைகளில் ஆசிரியர்கள். ஆனால் எல்லோரும் ஆசிரியராக முடியாது. சாதாரண தரத்தோடு நிற்கும் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் வேண்டும். தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தில் மின்னிணைப்போ வாகனத் திருத்தமோ படித்தவர், படிப்படியாக ஏழாம் மட்டம் வரை, அதாவது பட்டம் வரை போகலாம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தெரிந்து போனாலும், பல பயிற்சி நெறிகள் சிங்களத்தில் மட்டும் நடக்கின்றன. அவற்றைத் தமிழிலும் நடத்தும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

டவுனில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினாறு வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், முதலில் "பரீட்சை எழுதிவிட்டாயா?" என்று கேளுங்கள். எழுதியிருந்தால், வேலையோடு பயிற்சிக்குப் போகவும் நேரம் கொடுங்கள். நூறு வருடத்துக்கு முன் துரை மூடிய வழியை நாமும் மூடிவிடக் கூடாது.